பவரும் எனர்ஜியும்



மின்சாரம் நின்றால் ‘பவர் போயிடுச்சு’ என்கிறோம். வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் ‘உடம்புல எனர்ஜியே இல்லை’ என்று உட்கார்ந்துவிடுகிறோம். மூக்குக் கண்ணாடிக்கும் பவர், மந்திரி பதவிக்கும் பவர். பேச்சில் இந்த இரண்டு சொற்களும் இடம் மாறிக்கொண்டால் குடி முழுகிப் போகாது. கரண்ட் பில் வரும்போதுதான் சிக்கல்.

எவ்வளவு வேலை நடந்தது என்பது எனர்ஜி. அது எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பது பவர். பவரை வாட் கணக்கில் சொல்கிறோம், எனர்ஜியை யூனிட் கணக்கில். 1,000 வாட் கருவி 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். மீட்டரில் ஏறுவது இந்த யூனிட்தான்.

மிக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். 750 வாட். தேங்காய்ச் சட்னி அரைத்தால் பக்கத்து வீட்டுக்கே கேட்கும். ஆனால் ஓடுவது 2 நிமிடம். 1 யூனிட் ஆக வேண்டுமென்றால் 40 முறை சட்னி அரைக்க வேண்டும்! பிள்ளை விளக்கை அணைக்காமல் தூங்கிவிட்டால் வீட்டில் பஞ்சாயத்தே நடக்கும். அது 9 வாட் எல்இடி பல்பு. இரவுக்கு 10 மணி நேரம் எரிந்தாலும் 1 யூனிட் ஆக 11 இரவு பிடிக்கும். திட்டிவிட்டுக் குளிக்கப் போகிற அப்பா போடும் 2,000 வாட் ஹீட்டர், அதே 1 யூனிட்டை அரை மணி நேரத்தில் தீர்த்துவிடும்.

அந்த ஹீட்டரோடு இஸ்திரிப் பெட்டியையும் ஏசியையும் சேர்த்துப் போட்டால் எம்சிபி என்ற தானியங்கி சுவிட்ச் ட்ரிப் ஆகலாம். ‘இந்த மாசம் பில்லே கம்மிதானே’ என்று அதனிடம் வாதாட முடியாது. அது யூனிட்டைப் பார்ப்பதில்லை. ஒயரில் அப்போது எவ்வளவு கரண்ட் பாய்கிறது என்றுதான் பார்க்கும்.

கிணற்று மோட்டாரை 5 ஹெச்பி (குதிரைத்திறன்) என்கிறோமே, அதுவும் பவர்தான். 18-ஆம் நூற்றாண்டில், குதிரை பூட்டி ஆலை ஓட்டியவர்களிடம் தன் நீராவி இயந்திரத்தை விற்க ஜேம்ஸ் வாட் கையாண்ட கணக்கு அது. 1 ஹெச்பி ஏறக்குறைய 746 வாட். 1882-ல் அவர் பெயரையே ஓர் அளவுக்குச் சூட்டினார்கள். குதிரையும் போகவில்லை, இன்றும் மோட்டார் கடையில் நிற்கிறது. மோட்டார் அரை மணி ஓடினாலும் விடிய விடிய ஓடினாலும் அந்த 5 மாறாது. மாறுவது யூனிட்.

ஃப்ரிட்ஜ் வாங்கும்போது நட்சத்திர ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்றே போட்டிருக்கும். இஸ்திரிப் பெட்டியில் வாட் மட்டும்தான் இருக்கும். எத்தனை சட்டை தேய்ப்பீர்கள் என்று கம்பெனிக்காரனுக்கு எப்படித் தெரியும்?