எரிமலை வாயில் புகுந்த கடல்



ஆழம் என்றவுடன் சித்தூர், காணிப்பாக்கம் பக்கத்துக் குடியானவர்க்கு நினைவுக்கு வருவது கிணறு. காணிப்பாக்கத்து விநாயகப் பெருமான் எழுந்தருளியிருப்பதும் ஒரு கிணற்றிலேயே. ஆனால் கிணற்று நீர் எவ்வளவு ஆழமாயினும் ஓடுவதில்லை. ஆழமும் ஓட்டமும் ஒன்றுகூடிய நீரைக் காண, எரிமலை கடலோடு கலக்கும் இடத்திற்குச் செல்லவேண்டும்.

எரிமலை தன் வயிற்றிலிருந்த குழம்பைக் கக்கியபின், தாங்குவாரற்ற உச்சி உள்ளே சரிந்து பெரும் கிண்ணம்போலாகிறது. அக்கிண்ணத்தின் விளிம்பு ஓரிடத்தில் உடையுமாயின் கடல் உட்புகுந்துவிடும். இந்து மகாசமுத்திரத்தின் தென்பகுதியில், பிரான்சுக்குரிய செயின்ட் பால் தீவில் 1780-ஆம் ஆண்டு இவ்வாறே பாறைச்சுவர் இடிந்தது. உள்ளே சுமார் ஒரு கிலோமீட்டர் அகலமும் 50 மீட்டர் ஆழமும் உள்ள குடா. வாயிலிலோ சில மீட்டர் ஆழமே. ஏற்றவற்றத்தின்போது நீர் முழுவதும் அக்குறுகிய வாயில் வழியாகவே புகுந்து வெளியேற வேண்டும். மடையில் நீர் விரைவது ஏனென்று அறிந்த உழவர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. சிறு கலங்களே அங்கு நுழைய இயலும்.

நம் நாட்டிலும் இதற்கு உறவான தீவொன்று உண்டு. போர்ட் பிளேயரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாரன் தீவே அது. கடலடியிலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் எழுந்த அம்மலையில் நீர்மட்டத்திற்கு மேல் தெரிவது 354 மீட்டர்தான். அதன் கிண்ணச்சுவரும் மேற்கே உடைந்துள்ளது. ஆயினும் அங்கே கடல் உட்புகவில்லை, நெருப்புக்குழம்பே வெளிவருகிறது. நூறாண்டுக்கு மேல் உறங்கிய அம்மலை 1991-இல் விழித்தபோது, குழம்பு அவ்வழியே இறங்கிக் கடலைத் தொட்டது.

இத்தகைய கரைகளில் கப்பலுக்கு நேரும் இடர் யாது? நங்கூரச் சங்கிலி ஆழத்தைப்போல் பன்மடங்கு நீளம் இருத்தல் வேண்டும். கரையை ஒட்டியே கடல் செங்குத்தாக இறங்குமிடத்தில் நங்கூரம் தரை தொடாது. தொட்டாலும் சரிவில் வழுக்கும். அந்நிலையில் நீரோட்டம் கலத்தைப் பாறைமேல் தள்ளினால் நிறுத்த வழியில்லை. மேலும், அந்தமான் கடலில் கண்ணுக்குப் புலப்படாத அலைகளும் உண்டு. ஏற்றவற்ற நீர் கடலடி மேடுகளைக் கடக்கையில், மேலுள்ள வெதுநீருக்கும் கீழுள்ள குளிர்நீருக்கும் இடைப்பட்ட எல்லை 60 மீட்டர் வரையிலும் அதற்கு மேலும் ஏறி இறங்குகிறது. மேற்பரப்பிலோ நெடிய பட்டைகளாகச் சலசலப்பு மட்டுமே தோன்றும்.

நம் மீனவர் ஆழத்தைப் பாகக் கணக்கில் அளப்பர், நீரோட்டத்தை நீவாடு என்று கூறுவர். இரண்டையும் தனித்தனியே அறிந்த பின்னரே அவர்கள் வலை விரிப்பார்கள். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலேறும் நம்மவரும், அங்கேயே குடியேறித் தொழில் செய்வோரும் இவ்வறிவைப் போற்றவேண்டும். மூன்று புறமும் மலை சூழ்ந்ததனால் மட்டும் ஒரு குடா துறைமுகமாகிவிடாது. அடித்தரை நங்கூரத்தைப் பற்றவேண்டும். வாயிலில் ஓட்டம் அடங்கியிருக்கவேண்டும். இவ்விரண்டையும் அளந்தறிந்த மாலுமியை நம்பியே பயணிகளின் உயிர் உள்ளது.