ஆயா திருத்திய சொல்

பின்வரிசையில் பிள்ளைகளைக் கண்ணாலேயே அடக்கிக்கொண்டிருக்கும் தாய்மார்களே, அடங்காத பிள்ளைகளே!

எனக்குப் பொம்மையார்பாளையம். பொம்மபுர ஆதீனம் இருக்கும் ஊர் என்றதும் முன்வரிசையில் இரண்டு பெரியவர்கள் தலையாட்டுகிறார்கள். அவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: புதுச்சேரியில் பஸ் ஏறி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம் தாண்டினால் எங்கள் ஊர். நாங்கள் விழுப்புரம் மாவட்டம். இன்னும் கொஞ்ச தூரத்தில் காலாப்பட்டு, அது புதுச்சேரி. அந்த எல்லையை நம் ஆண்கள் எதற்குத் தாண்டுவார்கள் என்று... சிரிக்கிறீர்கள், சரி, தெரிந்திருக்கிறது. நான் படிக்கத் தாண்டினேன்.

காலாப்பட்டில் 1985-இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகத்தில் தெற்காசிய ஆய்வியல் எம்.ஏ. நிறுவனத்தின் பெயர், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், யுனெஸ்கோ மதன்ஜீத் சிங் தெற்காசிய மண்டல ஒத்துழைப்பு நிறுவனம். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் ஆயா, அதாவது பாட்டி, ஒரு கூடை நெத்திலி விற்றுவிட்டு வந்துவிடும். தூதராக இருந்த மதன்ஜீத் சிங் 2000-இல் தொடங்கிய தெற்காசிய அறக்கட்டளையின் உதவித்தொகையில் நேபாளம், பூடான், வங்கதேசம், மாலத்தீவு என்று அக்கம்பக்கத்து நாட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள்.

முதல் இரண்டு மாதம் நான் வாய் திறக்கவில்லை. இங்கிலீஷ் வராது. தமிழ் பேசினால் குப்பத்துத் தமிழ் என்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் பயந்து சும்மா சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலத்தீவுப் பெண் ஒருத்தியை வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவள் ஒரு காகிதப் பொட்டலம் கொண்டு வந்தாள். உள்ளே விறகுக் கட்டை மாதிரி ஏதோ ஒன்று. மாசிக்கருவாடு. தென்மாவட்டத்துக்காரர்களுக்கும் இலங்கைக்காரர்களுக்கும் இப்போதே நாக்கு ஊறும்; எங்கள் வீட்டில் அதுவரை பார்த்ததில்லை. ஆயா அதைத் திண்ணையில் தட்டியது. ‘டொக்’ என்றது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தது. “சூரை. அவிச்சு, பொகை போட்டு, காய வச்சிருக்கு.” அவ்வளவுதான், தீர்ப்பு. நான் மொழிபெயர்த்ததும் அந்தப் பெண்ணுக்குக் கண் விரிந்தது. அவர்கள் ஊரில் செய்வது அப்படியேதான். அவர்கள் மொழியில் ‘மஸ்’ என்றால் மீன்.

அப்புறம் கரைக்குப் போனோம். ஏற்றிவைத்திருந்த ஃபைபர் படகைக் காட்டி அவள் “தோனி” என்றாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஆயா அசரவில்லை. “தோணியா? இது போட்டு. தோணின்னா பெருசு, சரக்கு ஏத்திக்கினு போறது. இன்னாடி படிக்கிறீங்க ரெண்டு பேரும்?”

அந்தத் திட்டுதான் என் முதல் செமினார் கட்டுரை. தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றி மாலத்தீவுக்குப் போகும் தோணிகளைப் பற்றி எழுதினேன். அடுத்ததில் ஆயாவின் நீரோட்டப் பெயர்கள்: தெற்கிலிருந்து வந்தால் தெண்டி, வடக்கிலிருந்து வந்தால் வன்னி. எதை மறைக்கப் பார்த்தேனோ அதைத்தான் வகுப்பில் எல்லோரும் கேட்டார்கள். பேசத் தொடங்கினேன். இன்றுவரை நிறுத்தவில்லை, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

பிப்ரவரி 21 காலையில் வங்கதேசத்துத் தோழர்கள் செருப்பில்லாமல், கையில் பூவோடு நடந்தார்கள். 1952-இல் டாக்காவில் மொழிக்காகச் சுடப்பட்டவர்களுக்காக. “உங்கள் மொழிக்கும் இப்படி உண்டா?” என்று கேட்டார்கள். இந்தி எதிர்ப்பு, நடராசன், தாளமுத்து, 1939, சென்னைச் சிறை என்றேன். மேலே கேட்டபோது திணறினேன். பெயர் தெரியும், சென்னையில் அந்தப் பெயரில் மாளிகை இருப்பது தெரியும். அன்றிரவு நூலகத்தில் உட்கார்ந்துதான் மீதியைப் படித்தேன். ஒரு வங்காளி கேட்டு நான் தமிழ் வரலாறு படித்தேன் என்பதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

அந்த நாளை உலகத் தாய்மொழி நாளாக்கச் சொல்லி 1998-இல் ஐ.நா.வுக்குக் கடிதம் எழுதிய ரஃபீகுல் இஸ்லாம் எந்த ஊர்க்காரர் தெரியுமா? இதே வான்கூவர். உங்களைப் போலக் குடியேறி வந்தவர். அப்துஸ் சலாம் என்ற நண்பரோடு பல மொழிக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு விடாமல் அலைந்தார். 1999 நவம்பரில் யுனெஸ்கோ அறிவித்தது.

பெற்றோர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் வீடுகளில் தமிழ் ஏவல் மொழியாகிவிட்டது. சாப்பிடு, குளி, ஷூவைக் கழற்று. பிள்ளை இங்கிலீஷில் பதில் சொல்கிறது. ஏவலைத் தவிர வேறெதையும் நாம் கேட்கவில்லையே, அது எதைச் சொல்லும்? நேற்று நான் தங்கிய வீட்டில் மீன் குழம்பு. ஏழு வயதுப் பையன் தட்டைக் காட்டி இது என்ன மீன் என்றான், தமிழில்தான். அப்பா போனை எடுத்துக் கூகுளில் தேடினார்! குழம்பு ஆறிவிட்டது.

ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, வாட்ஸாப் இருக்கிறது. பிள்ளைகள் மீனைப் படம் எடுத்து என்னிடம் அனுப்பட்டும், நான் ஆயாவிடம் காட்டுகிறேன். பெயர் சொல்லும். ‘ஃபிஷ்’ என்று எழுதினால் திட்டும், அதற்கு நான் பொறுப்பில்லை. காலை ஏழு, ஏழரைக்கு மட்டும் வேண்டாம். அங்கே அப்போது இரவு, சீரியல் ஓடும்.