லாரி வாடகையும் காணிக்கைதானா?

(ஆதரவாளர் கூடுகையில் ஆஸ்பத்திரி குருவானவர் ஆற்றிய உரை)



நமது ஆஸ்பத்திரிக்கு வேண்டிய மருந்து, குளுக்கோஸ் பாட்டில், பஞ்சு முதலிய சரக்குகளைக் கொண்டுவரும் வேலையை ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியிடம் ஒப்படைக்கக் கமிட்டி தீர்மானித்திருக்கிறது. இதைக் கேள்விப்பட்டு உங்களில் சிலர் கடிதம் எழுதியிருந்தீர்கள். கட்டிலுக்கும் மருந்துக்கும் கொடுத்தோம், இனி எங்கள் காணிக்கை லாரி கம்பெனிக்கா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி.

இதுவரை இந்த வேலையைச் செய்தவர்கள் நமது மருந்தாளுநரும் ஆம்புலன்ஸ் டிரைவருமே. திருநெல்வேலிக்குப் போய், பார்சல் ஆபீஸில் காத்திருந்து, பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஆழ்வார்திருநகரிக்குத் திரும்புவதற்குள் ஒரு பகல் போய்விடும். அன்று பிரசவ வலி கண்ட ஒரு தாயை அழைத்துவர நம்மிடம் வண்டி இராது. காகிதத்தில் பார்த்தால் நமது டீசல் செலவைவிட வாடகை அதிகம்தான். அந்தப் பகலுக்கு என்ன விலை என்று காகிதத்தில் எழுதுவதில்லை.

அப்போஸ்தலர் 6-ம் அதிகாரம் நாம் அறிந்ததே. அன்றாட விசாரணையில் கிரேக்க பாஷைக்காரரின் விதவைகளுக்குக் குறை வந்தது. அப்போஸ்தலர்கள் ஏழு பேரிடம் பந்தி விசாரிப்பை ஒப்படைத்தார்கள். அந்தப் பெயர்களைக் கவனியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறைபட்ட பக்கத்தாரே பொறுப்பேற்றார்கள் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. ஆகவேதான், வந்திறங்கும் சரக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் அதிகாரத்தை ஆபீஸுக்குக் கொடாமல் வார்டு சிஸ்டருக்குக் கொடுக்கும்படி கேட்டோம். மருந்து இல்லையென்று நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

நம் மாநிலத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1994-ல் அரசு ஏற்படுத்திய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் சொந்தமாக மருந்து தயாரிப்பதில்லை. கம்பெனிகள் மாவட்டக் கிடங்குகளில் கொண்டுவந்து இறக்குகின்றன. மாதிரிகள் வெளி ஆய்வுக்கூடங்களுக்குப் போய், தேறிய பின்பே மருந்து வெளியே வரும். ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். தனக்கு ஒதுக்கிய தொகைக்கு அது மருந்து எடுத்துக்கொள்ளும். தயாரிப்பும் பரிசோதனையும் பிறர் கையில், இருப்புக் கணக்கோ கழகத்தின் கையில். பிற்பாடு கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்தே தங்கள் கழகங்களை அமைத்தன. கமிட்டியில் இதைச் ‘சப்ளை செயின்’ என்றார்கள். நம்மூர்ப் பாட்டிமாருக்கு இது பானையில் அரிசி தீருமுன் அரிசி வாங்குகிற காரியம்.

ஆனாலும் எல்லாவற்றையும் கம்பெனியிடம் விட்டுவிட முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறப்போமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைபுரண்டது. சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. தண்டவாளத்தின் அடிமண் கரைந்துபோயிருந்தது. எவ்வளவு வாடகை கொடுத்தாலும் அன்று எந்த லாரியும் வந்திராது. ஆகவே மூன்று வார மருந்து எப்போதும் நமது மாடியறையில், நமது பூட்டுக்குள் இருக்கும். அதை ஒப்பந்தத்தில் சேர்க்க நாங்கள் சம்மதிக்கவில்லை.

இன்சுலின் விஷயமும் அப்படித்தான். அது 2 முதல் 8 டிகிரிக்குள் வர வேண்டும். சூடு ஏறினாலும் கெடும், உறைந்தாலும் கெடும். பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதியும் கருவி இருக்க வேண்டும். அளவு தவறியிருந்தால் சிஸ்டர் திருப்பி அனுப்பலாம், பணம் கொடுக்க வேண்டியதில்லை. கம்பெனிக்காரர் இந்த ஒரு வரிக்கு வெகுநேரம் தயங்கினார். சிஸ்டரும் விடவில்லை.

ஒப்பந்தம் ஓராண்டுக்கு மட்டுமே. நமது டிரைவரின் வேலை போகாது. ஆம்புலன்ஸ் இனி முழுநேரமும் நோயாளிகளுக்கே ஓடும். காணிக்கை உறையின்மேல் ‘வண்டி வாடகை’ என்று எழுதி அனுப்புகிறவர்களின் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, ஆண்டறிக்கையில் ரூபாய் பைசாவாகக் காட்டுவோம். கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறித்து வைக்கத்தான் வழியில்லை. லாரி நம்முடையதல்லவே!