வேலையைப் பங்கு போட்ட விடுமுறை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)

  

"ஆஸ்திரேலியா போயிட்டு வந்தீங்களே, என்ன பாத்தீங்க?" என்று போன கூட்டத்திலேயே கேட்டீர்கள். கடன் விண்ணப்பங்களைப் பேசி முடிக்கவே அன்றைக்கு நேரம் சரியாகிவிட்டது. இன்று சொல்லுகிறோம்.

முதலில் கணக்கு. நம்ம வழக்கம் அதுதானே! நாத்தனார் அங்கே கெய்ன்ஸ் என்ற ஊரில் நர்ஸாக இருக்கிறார். டிக்கெட்டில் பாதி அவர் போட்டார், மீதி எங்கள் மூன்று வருடச் சேமிப்பு. 2025 மே மாதம், பிள்ளைகளின் லீவில் போனோம். எங்கள் வீட்டில் ஐந்து பேர், நாத்தனார் வீட்டில் மூன்று பேர், ஆக எட்டுப் பேர். ஓட்டல் வாடகை கட்டுப்படியாகாது என்று இரண்டு கூடாரம், ஒரு கேஸ் அடுப்பு, தண்ணீர்க் கேன், அரிசி, பருப்பு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினோம். அந்த ஊரில் குடும்பம் குடும்பமாக இப்படித்தான் லீவுக்குப் போகிறார்கள்.

கெய்ன்ஸிலிருந்து வடக்கே கடலோரமாகவே ரோடு போகிறது. வழியெல்லாம் கரும்புக் காடு. பிறகு டெயின்ட்ரீ ஆறு. அங்கே பாலம் கிடையாது. இரும்பு வடத்தைப் பிடித்து ஓடுகிற மிதவையில் வண்டியோடு ஏறி அக்கரை போனோம். அக்கரையில் மின்சார வாரியக் கம்பி இல்லை. வீடுகளில் சோலாரும் ஜெனரேட்டரும்தான். இருபக்கமும் காடு. வானம் தெரியாத காடு! உலகத்திலேயே மிகப் பழமையான மழைக்காடுகளில் அது ஒன்று. அந்தக் காடு அப்படியே இறங்கிக் கடற்கரை மணலைத் தொடுகிறது. கடலுக்குள் கொஞ்ச தூரத்திலேயே பவளத்திட்டு. கடலை 1981லும் காட்டை 1988லும் உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்திருக்கிறார்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இடம் அது.

முதல் நாள் சாயங்காலம் நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். சாப்பிட்டு முடித்ததும் அத்தையும் நாங்களும் வழக்கம்போலப் பாத்திரத்தைக் கூடையில் அள்ளிக்கொண்டு பக்கத்து ஓடைக்கு நடந்தோம். யாரும் சொல்லவில்லை, கால் தானாகப் போகிறது. தண்ணீருக்குப் பத்தடி இருக்கும். பின்னாலிருந்து நாத்தனார் கத்தினார்: "அண்ணி! அம்மா! நில்லுங்க! தண்ணிகிட்டப் போகாதீங்க!"

வழியிலேயே ஒரு பலகை இருந்தது. முதலைப் படம் போட்டிருந்தது. நாங்கள் கடந்துதான் வந்தோம், பார்க்கவில்லை. அங்கே ஓடையிலும் ஆற்றிலும் கடலிலும் உப்புத்தண்ணி முதலை உண்டு. தண்ணீரின் விளிம்பில் பாத்திரம் கழுவக்கூடாது, மீன் சுத்தம் செய்யக்கூடாது, மிச்சச் சோற்றைக் கொட்டக்கூடாது. கூடாரம் போட்டால் தண்ணீரிலிருந்து 50 மீட்டராவது தள்ளிப் போடவேண்டும். இன்னொன்றும் சொன்னார்கள். தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே இடத்துக்குப் போகவே கூடாதாம். முதலை பார்த்துக்கொண்டே இருந்து நம் வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுமாம்.

எங்களுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. முதலையை நினைத்து மட்டுமல்ல. எட்டுப் பேர் சாப்பிட்டோம். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தது ஏன் நாங்கள் இரண்டு பேர் மட்டும்? கூட்டம் கூட்டமாகப் பெண்ணுரிமை பேசுகிற நாங்களே யோசிக்காமல் எழுந்து போனோமே!

மறுநாள் காலையில் நாத்தனார் ஒரு அட்டையில் கட்டம் போட்டார். அடுப்பு யார், தண்ணீர் யார், பாத்திரம் யார், கூடாரம் கூட்டுவது யார் என்று எட்டுப் பேருக்கும் எழுதினார். பாத்திரம் கழுவ, கரையிலிருந்து தள்ளி ஒரு பிளாஸ்டிக் டப்பில் கேன் தண்ணீர். முதல் பெயர் எங்கள் வீட்டுக்காரர் பெயர். அத்தைக்கு முகம் மாறிவிட்டது. "ஆம்பளப் புள்ள பாத்திரம் வெளக்குறதா? நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?" என்றார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

அதற்குப் பதில் சொன்னது ஒரு பறவை. காட்டுப் பாதையில் போகும்போது வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். கேசோவரி என்று பெயர். கறுப்பு உடம்பு, நீலக் கழுத்து, தலையில் கொம்பு மாதிரி கொண்டை, ஆள் உயரம். பறக்காது. பின்னாலேயே கோடு போட்ட குஞ்சுகள் மூன்று. "தாய்ப்பறவை எம்புட்டு அழகா கூட்டிட்டுப் போகுது பாரு" என்றார்கள் அத்தை. நாத்தனார் சிரித்துவிட்டார். "அம்மா, அது தாய் இல்ல, தகப்பன்" என்றார்.

உண்மைதான் சகோதரிகளே. பெண் பறவை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண்தான் சுமார் 50 நாள் அடைகாக்கும். பொரித்த பிறகு ஒன்பது மாதம்வரை குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிந்து தீனி காட்டும். காட்டுப் பழங்களை முழுசாக விழுங்கி, கொட்டையை வேறு இடத்தில் போட்டு மரம் முளைக்க வைப்பதும் இந்தப் பறவைதான். அத்தை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் டீ போட்ட சட்டியை எடுத்து மகன் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்!

மாஸ்மன் பள்ளத்தாக்கில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான குக்கு யலான்ஜி மக்களில் ஒருவர் எங்களைக் காட்டுக்குள் அழைத்துப்போனார். புகை போட்டு வரவேற்றுவிட்டுத்தான் உள்ளே விட்டார். எந்த இலை நுரை வரும் சோப்பு, எந்த இலையைத் தொட்டால் மாதக்கணக்கில் வலிக்கும் என்று காட்டினார். ஆயிரக்கணக்கான வருடம் அவர்கள் வாழ்ந்த காடு. ஆனால் நெடுங்காலம் அவர்களுக்கு அதில் சொல் இல்லை. 2021 செப்டம்பரில்தான் டெயின்ட்ரீ தேசியப் பூங்காவையும் சேர்த்துச் சுமார் 4 லட்சம் ஏக்கர் நிலம் கிழக்குக் குக்கு யலான்ஜி மக்கள் பெயருக்குத் திரும்பியது. இப்போது அரசாங்கமும் அவர்களும் சேர்ந்து நிர்வாகம் செய்கிறார்கள். வேலையில் பங்கு கொடுத்தால் போதாது, முடிவிலும் பங்கு வேண்டும். குழுவில் தீர்மானம் போடுகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியாகக் கடல். உடம்பு முழுக்க மூடுகிற உடுப்பு கொடுத்தார்கள். விஷ ஜெல்லி மீன் உண்டு. கடற்கரையிலேயே வினிகர் பாட்டில் வைத்திருக்கிறார்கள், பட்ட இடத்தில் உடனே ஊற்ற. நீச்சல் தெரியாத நாங்கள் மிதவையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தோம். அடேயப்பா! கீழே ஒரு பூந்தோட்டம். மஞ்சள், ஊதா, பச்சை. நடுவில் கிளி மாதிரி மீன்கள்.

அதெல்லாம் செடியுமில்லை, வெறும் கல்லுமில்லை. கடுகளவு, பயறளவு உயிர்கள் கோடிக்கணக்கில் சேர்ந்து கட்டிய வீடு. அப்படிக் கட்டிக் கட்டி 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளத்திட்டு ஆகியிருக்கிறது! ஒவ்வொரு உயிருக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் சோறாக்கிக் கொடுக்கும், பவளம் வீடு கொடுக்கும். கடல் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப்போகும். சீக்கிரம் தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும். இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். 2016, 2017, 2020, 2022, 2024 என்று அடுத்தடுத்துப் பெரிய அளவில் வெளுத்திருக்கிறது. நாங்கள் பார்த்த தோட்டத்துக்குப் பக்கத்திலேயே சாம்பல் பூத்த எலும்புக்கூடாகவும் கிடந்தது. எங்கள் மகள் படகில் ஏறியபிறகு ரொம்ப நேரம் பேசவே இல்லை.

சூடு மட்டுமல்ல காரணம். வழியில் பார்த்தோமே கரும்புக் காடு, அங்கே போடும் உரம் மழையில் கரைந்து ஆற்று வழியாகக் கடலுக்கு வருகிறது. அந்தச் சத்தில் பவளத்தைத் தின்னும் முள் நட்சத்திர மீன் பெருகுகிறது. ஆட்கள் முங்கி, ஒவ்வொன்றாக வினிகர் ஊசி போட்டு ஒழிக்கிறார்கள். மேட்டில் ஒருவர் அளவோடு உரம் போட்டால் கடலில் இன்னொரு உயிர் பிழைக்கும். அங்கே விவசாயிகள் பலர் உரத்தைக் குறைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

சகோதரிகளே, ஏழு நாள் கூடாரத்தில் இருந்தோம். ஏழு நாளும் உட்கார்ந்து சாப்பிட்டோம். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் எங்களுக்கு இதுதான் முதல் விடுமுறை. ஊர் பார்த்ததால் அல்ல, வேலை பங்கு ஆனதால்.

அந்த அட்டை இப்போது எங்கள் அடுப்படிச் சுவரில் தொங்குகிறது. சில நாள் நடக்கிறது, சில நாள் நடப்பதில்லை. நடக்காத நாளில் அத்தையே கேட்கிறார்கள்: "இன்னைக்கு பாத்திரம் யாரு முறை?"

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது சந்தாவோடு ஒரு சேதியும் கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டில் எந்த ஒரு வேலையை வேறு கைக்கு மாற்றினீர்கள் என்ற சேதி. தீர்மான நோட்டில் எழுதிக்கொள்வோம்.