நான் கட்டிய அடுப்பு
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பாலம், அணைன்னு ஆரம்பிச்சு எல்லாரையும் தூங்க வைக்காதே. உன் கையால கட்டின ஏதாவது ஒண்ணைப் பத்திப் பேசு" என்று விழா அமைப்பாளர் நண்பன் கட்டளையிட்டுவிட்டான். யோசித்துப் பார்த்தேன். சிவில் படித்து இத்தனை வருஷத்தில் என் கையாலேயே கட்டியது ஒன்றே ஒன்றுதான். ஹூஸ்டனில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு பார்பெக்யூ அடுப்பு. சிரிக்காதீர்கள்!

சக்கரம் வைத்த கிரில் அமெரிக்காவில் சாதாரணம். அதற்கு ஒரு படி மேலே, மேடை கட்டி அதற்குள் கிரில்லைப் பதித்துவிடுவது. 2010-ல் அந்த ஆசை என்னையும் பிடித்தது. தோண்டுவதற்கு முன் 811-க்கு ஃபோன் செய்தேன். பூமிக்கடியில் கேஸ் குழாயும் மின்கம்பியும் எங்கே போகிறது என்று ஆள் வந்து தரையில் பெயின்ட் அடித்துக் காட்டிவிட்டுப் போனார். காசு கிடையாது. மண்வெட்டியைப் போட்டதும் நம்ம மண் இயல் வகுப்புதான் ஞாபகம் வந்தது. கோவில்பட்டிக் கரிசல் மாதிரியே ஹூஸ்டன் களிமண்ணும் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அந்த வகுப்பில் பின்பெஞ்சில் தூங்கியவன் நான்தான் என்றாலும், அது மட்டும் மறக்கவில்லை. 6 அங்குல கான்கிரீட், குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி. 2011-ல் டெக்சாஸில் கடும் வறட்சி வந்தபோது கூட என் மேடையில் மயிரிழை விரிசல் இல்லை.

கிரில்லோடு வந்த புத்தகத்தின் அளவுப்படி திறப்பு விட்டு, பிளாக் அடுக்கி, ரசமட்டம் பார்த்து, பூசி, மேலே கிரானைட் போட்டேன். மரச்சட்டத்தில் கட்டுகிறவர்கள் கிரில்லுக்கு வெப்பம் தாங்கும் உறை போட்டாக வேண்டும். எனக்கு கான்கிரீட், அந்தக் கவலை இல்லை. கீழே கதவு வைத்த அறை. அதற்குள் 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர், நம் கணக்கில் 9 கிலோ.

அதே புத்தகத்தில் காற்றுத் துளைகளுக்கென்றே ஒரு பக்கம் இருந்தது. படம் போட்டு, இடம் குறித்து, அளவு சொல்லி! குளவி கூடு கட்டும், அழகு கெடும் என்று நான் ஒரு துளை கூட விடவில்லை. போதாததற்குக் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை வேறு ஒட்டினேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். விருந்தாளிகள் வந்தாயிற்று. பத்து வயது மகன் "அப்பா, நான் பத்த வைக்கிறேன்" என்று பட்டனில் விரலை வைத்துவிட்டான். கறி கோக்கும் கம்பியை எடுக்கக் கீழ்க்கதவைத் திறந்த என் மனைவி, "என்னங்க, கேஸ் வாடை அடிக்குது. டேய், கையை எடு!" என்று கத்தினாள். எடுத்துவிட்டான்.

புரொப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். பிறகு சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ரெகுலேட்டர் மரையில் குமிழி குமிழியாக வந்தது. கசிவு சின்னதுதான். அதைப் பொட்டு விடாமல் சேர்த்து வைத்தது என் சுவர். அந்த ரப்பர் பட்டை வாடையைக் கூட வெளியே விடவில்லை.

மறுநாளே துளை போடும் மெஷினை வாடகைக்கு எடுத்து, ஆசை ஆசையாய்ப் பூசிய சுவரை நானே குடைந்தேன். எதிரெதிர்ச் சுவர்களில் தரை மட்டத்தில் துளை, மேலேயும் துளை, குளவிக்கு எவர்சில்வர் வலை. அவ்வளவுதான் வேலை, அரை நாள்!

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்போது நம்ம ஊரிலும் மாடுலர் கிச்சன் என்று 14.2 கிலோ சிலிண்டரைக் கதவுக்குள் அடைத்து வைக்கிறோம். அந்த கேஸும் காற்றைவிடக் கனம்தான். வீட்டுக்குப் போனதும் அந்தக் கதவின் அடியில் காற்றுப் போக வழி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

மகன் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டான். லீவில் வந்தால், புது சிலிண்டர் மாட்டியதும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தோடு முதலில் குனிகிறவன் அவன்தான். அம்மா தலையசைக்காமல் பட்டனைத் தொடுவதில்லை.

ஹூஸ்டன் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். சைவக்காரர்களுக்குச் சுட்ட கத்தரிக்காய்த் துவையல் உண்டு.