ஒரு நிறமே ஆசான்

“வண்ணப்பெட்டி வாங்க வசதியில்லையே, நான் எவ்வாறு ஓவியம் பயில்வேன்?” என்று ஏங்கும் இளைஞர் பலர் உண்டு. அவர்களுக்கு ஒரு நற்செய்தி. மனித உருவத்தை வரைவதில் தலைசிறந்த மேலைநாட்டு ஓவியர்கள் ஒரே நிறத்தைக் கொண்டே கை பழகினர்.

உரோம் நகரின் சிஸ்டைன் ஆலய விதானத்தை மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டினார். அதிலுள்ள லிபியக் குறிசொல்லியின் உருவத்திற்காக அவர் முன்னதாக வரைந்த தாள் ஒன்று நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் முதுகின் தசைகள் யாவும் செங்காவிக் கட்டியால் உருப்பெற்றுள்ளன. தாளின் ஓரத்திலோ, உடலின் பாரம் இறங்கும் கால் பெருவிரலை அவர் மீண்டும் மீண்டும் வரைந்து பார்த்திருக்கிறார். மேதைக்கும் பயிற்சி வேண்டியிருந்தது!

நம் கையிலுள்ள பென்சிலும் வறுமையில் பிறந்ததே. 1793-இல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டது. இங்கிலாந்தின் பாரோடேல் சுரங்கத்துக் கிராபைட் பிரான்சுக்குக் கிட்டவில்லை. நிக்கோலா ழாக் கான்டே என்பவர் மட்டமான கிராபைட்டைப் பொடித்து, களிமண்ணோடு பிசைந்து, சூளையிலிட்டுச் சுட்டார்; 1795-இல் அதற்கு உரிமையும் பெற்றார். களிமண் மிகுந்தால் பென்சில் கடினமாகிக் கோடு வெளிறும். குறைந்தால் மென்மையாகிக் கோடு கறுக்கும். இன்றும் பென்சில் செய்யும் முறை இதுவே. அவர் பெயராலேயே வழங்கும் கிரேயான் கட்டியைச் சொரசொரப்பான தாளில் தேய்த்து, கோடே இல்லாமல் இருளிலிருந்து உருவங்களை எழச் செய்தார் பிரெஞ்சு ஓவியர் சூரா.

ஒரு நிறம் ஏன் நல்லாசான் ஆகிறது? வண்ணம் பிழையை மறைக்கும். ஒளியும் நிழலும் அதனை மறைக்கமாட்டா. தோளின் திரட்சி தாளில் தோன்றவில்லையெனில், அழகிய சிவப்பாடை அதனை ஈடுசெய்யாது. ஒரே நிறத்தோடு நிற்பவன் உண்மையைக் கண்டே தீரவேண்டும்.

ஆகவே, இன்றிரவு ஒரே விளக்கின் அருகில் அமருங்கள். உங்கள் இடக்கையையே மாதிரியாகக் கொள்ளுங்கள். கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். நுண்கோடுகள் மறைந்து, பெரிய நிழல்கள் மட்டும் புலப்படும். அவற்றை மென்மையான பென்சிலின் பக்கவாட்டால் முதலில் பரப்புங்கள். விரல்களின் விளிம்பும் நகமும் பின்னர் வரட்டும். முதல் படம் நன்றாக அமையாவிடின் மனம் தளரவேண்டா. பத்தாவது படத்தில் உங்கள் கண் திறந்திருக்கும்.

வண்ணப்பெட்டி பிறகு வரட்டும். பார்வை முதலில் வரட்டும்.