அளவைக்கு அஞ்சோம்; அளப்போரும் கணக்குக் காட்டட்டும்



குழாய்நீர் இணைப்புப் பெறும் ஒவ்வொரு வீட்டிலும் நீர்மானி பொருத்தப்படுதல் வேண்டும் என்னும் நிபந்தனையைப் பற்றியே இன்று பேச முற்படுகின்றோம். குடாநாட்டில் இது குறித்து இருவகைப் பேச்சு உலவுகின்றது. கடவுள் தந்த நீருக்குக் கணக்கு எதற்கு என்பார் சிலர். சபை கேட்டதைக் கட்டிவிட்டு வாளாவிருப்பதே மரியாதை என்பார் வேறு சிலர். இவ்விரண்டில் எதனையும் நாம் ஏற்பதற்கில்லை.

நீரை அளந்து பகிர்வது நமக்குப் புதுவழக்கமன்று. துலா மிதித்து இறைத்த காலத்திலேயே, கூட்டுக் கிணற்றில் இன்னாருக்கு இன்ன நாள் இறைப்பு என முறை வகுத்தவர் நம் முன்னோர். கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் நம் காணி உறுதிகளில் இன்றும் எழுதப்படுகின்றன. முறை தவறி நாலு பட்டை நீர் கூடுதலாக இறைத்தவன்மீது வழக்குத் தொடுத்த மண் இது. அவ்வழக்குகளால் வயிறு வளர்த்த சட்டத்தரணிகளும் உளர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அன்று அளந்த காரணம் இன்றும் உண்டு. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நிலம் நமது. வழுக்கியாறு மாரியில் ஓடிக் கோடையில் வறள்வது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தங்கும் மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படலமாய் மிதக்கின்றது. மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். தோட்டத்துப் பசளையும் மலகூடக் குழிகளின் கசிவும் அதே வெடிப்புகளினூடாக இறங்குகின்றன. ஒரு இலீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துக் கிணறுகள் பல இவ்வெல்லையைத் தாண்டியுள்ளன. புட்டிப்பால் அருந்தும் சிசுக்களுக்கு இது உயிர் ஆபத்தாய் முடியலாம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கொடுமைக்காக, மின் உற்பத்தி நிறுவனம் ஒன்று 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்ததையும் நீங்கள் அறிவீர்கள். ஆகவே குழாய்நீர் நமக்கு ஆடம்பரமன்று.

அந்நீர் எங்கிருந்து வருகின்றது? ஆசிய அபிவிருத்தி வங்கி 2010 இல் அனுமதித்த திட்டம் இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டிற்குக் கொண்டுவர எண்ணிற்று. சிறுபோகம் பாழாகும் எனக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். அவர்களுடைய அச்சம் நியாயமானது என்பதே நம் கருத்து. முடிவில் தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்து, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தருவதற்கென அமைக்கப்பட்டது அது. கடல்நீரைச் சவ்வினூடாக அழுத்தி உப்பு நீக்குவதற்கு, ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகும். இத்தகைய நீரை அளவின்றி வழங்குக எனக் கேட்பது பொறுப்பற்ற கோரிக்கை. மானி இல்லாவிடின், குடத்தில் பிடிக்கும் ஏழை வீடும் பூந்தோட்டம் நனைக்கும் மாடி வீடும் ஒரே தொகை கட்ட நேரும்.

எனவே மானியை ஏற்கின்றோம். ஆனால், அளப்பவர் மீதும் கடமை உண்டு.

சந்தையில் வெங்காயம் நிறுக்கும் தராசுக்கு முத்திரை வேண்டும் என்கின்றது சட்டம். 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் இதற்கென்றே உள்ளது. வியாபாரிக்குள்ள நீதி, 1974 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும் பொருந்த வேண்டாமா? விற்பவரே அளவுகோலின் சொந்தக்காரர். பிழை என்று முறையிட்டால் சோதிப்பவரும் அவரே என்றால், தன் வழக்கிற்குத் தானே நீதவானாதல் ஆகாது என்ற பழைய நியாயம் எங்கே போயிற்று? சபைக்குப் புறம்பான ஒருவர் மானியைச் சோதித்துச் சான்று தருதல் வேண்டும் என்பதே நமது முதற் கோரிக்கை.

மானி தவறுமா எனக் கேட்பீர்கள். தவறும். நீர் விட்டுவிட்டு வரும் குழாயில் காற்று அடைபடும். நீர் மீளும்போது அக்காற்று முன்னே தள்ளப்பட்டு மானியின் சில்லைச் சுழற்றும். வராத நீருக்குக் கணக்கு ஏறும். தேய்ந்த மானியோ குறைத்துக் காட்டும். அந்த இலாபமும் நமக்கு வேண்டாம்.

அடுத்தது, வாசிக்கும் நாள். இதனைப் பலரும் கவனிப்பதில்லை. கட்டணம் அடுக்கடுக்காய் ஏறுவது; கூடுதலாகப் பாவித்த அலகுக்குக் கூடுதலான விலை. நாளுக்கு 500 இலீற்றர் பாவிக்கும் வீட்டிற்கு 30 நாளில் 15 அலகு. வாசிப்பவர் 40 ஆம் நாள் வந்தால் மானி 20 அலகு காட்டும். அடுக்கின் எல்லையையும் நாட்கணக்கிற்கேற்ப விரித்துக் கணக்கிடாவிடின், ஒரு துளியும் அதிகம் பாவிக்காத குடும்பம் மேலடுக்கின் விலையைச் செலுத்த நேரும். தாமதித்தவர் ஒருவர், தண்டம் கட்டுபவர் இன்னொருவர்! வாசித்த இரு நாட்களும் கணக்கிட்ட முறையும் பட்டியலிலேயே தெளிவாக அச்சிடப்படுதல் வேண்டும். மானி பழுதென்று உத்தேசக் கணக்குப் போடுவதற்கும் ஒரு கால எல்லை வேண்டும்.

சபையும் தன்னை அளந்து காட்டட்டும். நாடெங்கும் சபை வழங்கும் நீரில் ஏறத்தாழ காற்பங்கு, கசிவாலும் களவாலும் கணக்குப் பிழையாலும் வருமானமின்றிப் போகின்றது. தாழையடியில் புறப்படும் நீர் எவ்வளவு, ஒவ்வொரு நீர்த்தாங்கிக்கும் சென்றது எவ்வளவு, வீட்டு மானிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு என்பவற்றை ஊர்வாரியாக வெளியிட்டால், இழப்பு எங்கே என்பது வெளிச்சமாகும். அதனைச் செய்யாமல் கட்டணத்தை உயர்த்துவது, ஓட்டை வாளியால் இறைத்துவிட்டு முறைகாரனைக் குறை சொல்வதற்கு ஒப்பாகும்.

கமக்காரப் பெருமக்களே, உங்கள் ஐயத்தையும் அறிவோம். இன்று வீட்டுக் குழாய்க்கு மானி, நாளை தோட்டக் கிணற்றுக்கும் மானியா? இவ்வையம் வீணானதன்று. 2000 ஆம் ஆண்டில் அமைச்சரவை ஏற்ற தேசிய நீர்வளக் கொள்கையைக் கண்டு நாடெங்கும் கமக்காரர் கொதித்தெழுந்தனர்; அக்கொள்கை நடைமுறைக்கு வரவில்லை. குழாய்நீர் சபை செய்து விற்கும் பொருள். கிணற்று நீர் உங்கள் உறுதியில் உள்ள உரிமை. முன்னதற்கான விதியைக் காட்டிப் பின்னதில் கைவைக்க எவருக்கும் இடங்கொடோம். நிலத்தடி நீரைக் காக்கும் ஒழுங்கு தேவையாயின், அது கமக்கார அமைப்புகள் அமர்ந்து வகுக்கும் இறைப்பு முறையாகவே வரவேண்டும்.

கோரிக்கை மனு வரையப்படுகின்றது. அதற்குச் சான்றுகள் வேண்டும். மாதத்தின் முதல் நாள் காலையில் மானியின் எண்ணைக் கொப்பியில் குறித்து வையுங்கள். நீர் வராத நாட்களையும் எழுதுங்கள். வெளிநாட்டில் உள்ளோரின் பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்வோர் அங்கும் சென்று குறிக்கட்டும். மானிக்கு இப்பால் ஒழுகும் நீர் வீட்டுக்காரரின் கணக்கிலேயே ஏறும். மூன்று மாதக் குறிப்பையும் பட்டியல்களையும் அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவாருங்கள்.